எல்.சி. வாங்கிய லைனில் மாணவனுக்கு ஷாக்: ஒரு பயிற்றுநரின் கடிதமும் பதிலும்

தருமபுரி மாவட்டத்திலிருந்து ஓர் ஐ.டி.ஐ. பயிற்றுநர் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கமும் எழுதிய ஆறு தாள். ஆள், ஊர், நிறுவனம் தெரியும்படியான எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் சொல்கிறேன்.

அவருக்கு 34 வயது. ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவு இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறார். அதற்கு முன் எட்டு வருஷம் லைன் கான்ட்ராக்டர்களிடம் கம்பம் நட்டு, கம்பி இழுத்து வேலை செய்தவர். வகுப்பில் 21 பையன்கள். 17 முதல் 19 வயது. "லைன் வேலையைக் கரும்பலகையில் படம் போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது மேடம்" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். நிர்வாகியின் உறவினர் ஒருவர் லைன் கான்ட்ராக்டர். ஒரு வருஷமாக, சனிக்கிழமைதோறும் பத்துப் பையன்கள் அவரிடம் வேலைக்குப் போகிறார்கள். ஆளுக்கு 400 ரூபாய். பதிவேட்டில் அது 'களப்பயிற்சி'. கூடவே பயிற்றுநரும் போகிறார்.

இரண்டு மாதத்துக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில், எல்.டி. கம்பத்தில் (வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்த லைன்) க்ராஸ் ஆர்ம், அதாவது கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம், மாற்றும் வேலை. ஏரியா லைன்மேனிடம் போனில் சொல்லி, டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கியாகிவிட்டது. 17 வயதுப் பையன் மேலே. நாலு கம்பம் தள்ளி ஒரு வீட்டில் காதுகுத்து. கரண்ட் இல்லையே என்று அவர்கள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஜெனரேட்டரை லைனோடு சேரவிடாமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீடு. ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாக லைனுக்கு வந்துவிட்டது. பையன் கத்தக்கூட இல்லை, பெல்ட்டில் அப்படியே தொங்கினான். அடுத்த வீடுகளின் லோடும் சேர்ந்து ஏறியதில் ஜெனரேட்டர் திணறி நின்றுபோனது. அதனால்தான் உயிர் தப்பியது.

வலது உள்ளங்கையில் தீப்புண். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அங்கே டாக்டரிடம், "வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் கை பட்டுவிட்டது" என்று நிர்வாகி சொல்லச் சொன்னாராம், பெற்றோரும் அப்படியே சொல்லிவிட்டார்கள். பிறகு 15,000 ரூபாய் கொடுத்து, 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் "எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பையனுக்கு இன்னும் இரண்டு விரல் மரத்திருக்கிறது. அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது என்கிறான். சனிக்கிழமை வேலை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அவர் கேட்பது நான்கு. எல்.சி. (லைன் கிளியர், வேலைக்காக லைனில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்கித்தான் ஏற்றினோம், இதில் எங்கள் தவறு என்ன? பெற்றோர் எழுதிக் கொடுத்த பிறகு எனக்குச் சட்டச் சிக்கல் வருமா? பையன்களுக்கு நிஜமான லைன் வேலையைக் கற்றுக்கொடுக்க முறையான வழி உண்டா? வாயைத் திறந்தால் வேலை போகும், என்ன செய்வது?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "அவன் பெல்ட் கொக்கியை நான்தான் மாட்டிவிட்டேன், அதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொக்கி அவனைக் காப்பாற்றியது உண்மை. அவனை அங்கே ஏற்றியதும் நீங்கள்தான். இந்த இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

முதலில் அவன் உடம்பு

சட்டக் கேள்விகளுக்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். இந்த வாரமே பையனை ஓர் இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கொப்பரையில் சுட்ட கைக்கு வைத்தியம் பார்த்தவர் கையை மட்டும்தான் பார்த்திருப்பார், ஈ.சி.ஜி. எடுத்திருக்க மாட்டார். கையில் நுழைந்த மின்சாரம் உடம்புக்குள் எந்த வழியில் போனது, எங்கே வெளியேறியது என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம், நரம்பு பாதிக்கப்படலாம். கண்ணில் புரை பல மாதம் கழித்துக்கூட வரலாம். மரத்த விரலும் படபடப்பும் இரண்டு மாதம் கழித்தும் இருக்கிறது என்றால் இனி தள்ளிப்போட முடியாது.

சரியான காரணத்தோடு மருத்துவப் பதிவு ஏற்படுவது பின்னால் இழப்பீடு கேட்கவும் உதவும். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை.

'எல்.சி. வாங்கியாச்சு' என்றால் என்ன அர்த்தம்?

என் அப்பா மின்வாரியத்தில் கம்பியாளராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போகும்போது சைக்கிள் கேரியரில் ஒரு சாக்குப் பை இருக்கும். அதற்குள், லைனைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடும் சங்கிலியும். சின்ன வயதில் அந்தச் சங்கிலிச் சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று வாசலுக்கு ஓடுவேன். அதன் பித்தளைக் கவ்வியில் ஓரிடத்தில் மிளகு அளவுக்குக் கருத்த குழி ஒன்று இருந்தது. "எல்லாரும் லைன் செத்துப்போச்சுன்னு சொன்னாங்க, இதுதான் சாகலைன்னு சொல்லுச்சு" என்று ஒருநாள் காட்டினார். முறைப்படி எல்.சி. வாங்கிய லைன் அது. சங்கிலியை மாட்டியதும் ஒரு பொறி பறந்து, கவ்வி உருகியிருக்கிறது. சங்கிலிக்கு முன் அவர் கையை வைத்திருந்தால் நான் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தவறான எண்ணம் இருக்கிறது. முதலாவது, நீங்கள் வாங்கியது எல்.சி.யே இல்லை. லைன் கிளியர் என்பது எழுத்தில் தரப்படுவது. கொடுப்பவர் அதற்கு அதிகாரம் பெற்றவர், வாங்குபவரும் அதற்கென்று பெயர் குறிக்கப்பட்டவர். எந்த லைன், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்று பதிவாகும். வேலை முடிந்து, ஆட்களை எண்ணி, எர்த்தைக் கழற்றி, வாங்கியவரே திருப்பிக் கொடுத்த பிறகுதான் லைனைப் போடலாம். போனில் "அண்ணே, ஃபியூஸைப் பிடுங்கிடுங்க" என்பது ஊர்ப் பழக்கத்தில் எல்.சி. என்று ஓடுகிறது. விசாரணையில் அது நிற்காது.

இரண்டாவதுதான் உயிர் விஷயம். முறையான எல்.சி.யே கையில் இருந்தாலும், ஃபியூஸைப் பிடுங்குவது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலிருந்து வரும் மின்சாரத்தைத்தான் நிறுத்தும். வீடுகளின் பக்கத்திலிருந்து வருவதை அது தடுக்காது. ஜெனரேட்டர், தாறுமாறாக இணைத்த இன்வெர்ட்டர், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் சர்வீஸைக் கள்ளத்தனமாக மாற்றிப் போடும் விவசாய மோட்டார், எங்கேயோ உரசிக்கொண்டு போகும் வேறொரு லைன் என்று வழிகள் நிறைய. அதனால்தான் டெஸ்டர் வைத்துச் சோதித்த பிறகும், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று பேஸ், நியூட்ரல், தெருவிளக்குக் கம்பி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி எர்த் செய்கிறோம். எர்த் முனையை முதலில் மாட்ட வேண்டும், லைன் முனையை அப்புறம். கழற்றும்போது தலைகீழ். அன்றைக்கு அந்தச் சங்கிலி மாட்டியிருந்தால் காதுகுத்து வீட்டு ஜெனரேட்டர் தானாகவே மூச்சு முட்டி நின்றிருக்கும், பையனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இதைவிட ஒரு படி மேலே போய் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. ஃபியூஸைப் பிடுங்காமல் ஏபி சுவிட்சை (உயரழுத்த லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மட்டும் திறந்துவிட்டு 11 கே.வி. லைனில் ஏறினால், அதே ஜெனரேட்டர் என்ன செய்யும்? 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், கீழிருந்து வருவதை அதே விகிதத்தில் மேலே ஏற்றிவிடும். ஒரு வீட்டு ஜெனரேட்டர் ஹெச்.டி. (உயரழுத்த) லைனில் ஆளைக் கொல்லப் போதும். இந்தக் கணக்கை மட்டும் கரும்பலகையில் போட்டே புரியவைக்கலாம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தவறு இருந்தது. சேஞ்ச் ஓவர் வைக்காத வீட்டுக்காரர், போனில் ஃபியூஸ் பிடுங்கியவர், எர்த் ராடு இல்லாமல் வேலை ஆரம்பித்த கான்ட்ராக்டர், படிக்கும் பையனை அனுப்பிய நிர்வாகம், கீழே நின்ற நீங்கள், எல்லாருடைய தவறும்.

அந்த ஸ்டாம்ப் பேப்பர்

பெற்றோர் கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்தது என்று உங்கள் நிர்வாகி நினைக்கிறார். முடியவில்லை. அலட்சியத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் அது வருகிறது. கொடுங்காயம் ஏற்பட்டிருந்தால் மூன்று வருஷம் வரை சிறை. உயிர் போயிருந்தால் 106ஆம் பிரிவு, ஐந்து வருஷம் வரை. பழைய சட்டத்தில் இது இரண்டு வருஷமாக இருந்தது. குற்ற வழக்கு போடலாமா வேண்டாமா என்பதை இரண்டு தரப்பும் வீட்டில் உட்கார்ந்து எழுதும் பத்திரம் தீர்மானிக்காது.

இழப்பீட்டு உரிமையும் அதோடு போய்விடாது. பையனுக்கு 18 ஆகவில்லை. உண்மையை மறைத்து, காயத்தின் முழு அளவு தெரியும் முன், 15,000 ரூபாய்க்கு எழுதி வாங்கியது நீதிமன்றத்தில் எடுபடுவது கஷ்டம். மைனரைப் பொறுத்தவரை, வழக்குப் போடுவதற்கான காலக்கெடு அவன் 18ஐத் தொட்ட பிறகே ஓட ஆரம்பிக்கும். மின்கம்பியால் ஏற்படும் விபத்தில், மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் நிறுவனம் "வேறு ஒருவர் செய்த தவறு" என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல், மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இதை அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். சொல்வது அவர்களைத் தூண்டிவிடுவதாகாது. அது அவர்களுக்குத் தெரியாமல் வைக்கப்பட்ட விஷயம்.

இன்னொன்று. மின் விபத்தில் சாவு நேர்ந்தால் மட்டுமே மேலே சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 161, காயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 2005இல் வந்த விதிகளின்படி, சாவு நேர்ந்தால் விஷயம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும், காயம் உட்பட எல்லா விபத்துக்கும் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை. இங்கே இரண்டு மாதமாகிவிட்டது. தாமதமானதால் இனி சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடாது.

உங்கள் பொறுப்பு

இதை மென்மையாகச் சொல்ல முயல்கிறேன், ஆனால் குறைத்துச் சொல்ல மாட்டேன். "நிர்வாகி சொன்னார், போனேன்" என்பது உங்களை முழுவதும் காப்பாற்றாது. நீங்கள் எட்டு வருஷம் லைனில் இருந்தவர், ஆபத்து என்னவென்று தெரிந்தவர். தெரியாதவரைவிடத் தெரிந்தவரிடம் சட்டம் அதிகம் எதிர்பார்க்கும். மின் வேலையை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் எடுக்கலாம், மேற்பார்வை செய்பவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும், வேலை செய்பவர் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் (2010இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்டவை) இதை வலியுறுத்துகின்றன. மின்பகிர்மானக் கழகத்தின் லைனில் கைவைக்க, அதற்கென்று பெயர் குறித்து நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருக்கும் பையன் இதில் எதிலும் வரமாட்டான். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று இல்லாவிட்டால் நீங்களும் வரமாட்டீர்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு என்பதைப் பையன்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். பலர் அதை ஒன்று என்றே நினைத்துக்கொண்டு வெளியே போகிறார்கள்.

அப்புறம் அந்த 400 ரூபாய். அது கொடுக்கப்பட்ட நாளிலேயே 'களப்பயிற்சி' என்ற வார்த்தை வலுவிழந்துவிட்டது. கூலி கொடுத்து, ஒருவருடைய ஒப்பந்த வேலையை முடித்துத் தந்தால் அது வேலை. அந்தப் பணம் சில வீடுகளில் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் அண்ணன் அனுப்பும் காசில் தம்பி படிக்கும் வீடுகள் இவை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, ஐ.டி.ஐ.யும் அதில் அடக்கம். தகுதியுள்ள எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறோம் என்று நிர்வாகி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிரதமர் பெயரிலான அந்தக் காப்பீட்டுத் திட்டம் 18 வயது ஆனவர்களுக்குத்தான். உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பதிவேட்டைத் திருத்தாதீர்கள். பழைய பக்கங்களை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அலட்சியத்துக்கு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லலாம். ஆவணத்தைத் திருத்தியதற்கு விளக்கம் கிடையாது.

கம்பம் ஏறக் கற்றுக்கொடுக்க வழி

கரும்பலகையில் லைன் வேலை வராது என்ற உங்கள் வாதத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். 2019இல் மின்வாரியம் கேங்மேன் ஆள் எடுத்தபோது உடல்தகுதித் தேர்வில் கம்பம் ஏறச் சொன்னார்கள். ஏறத் தெரியாத பையன் அந்த வாசலிலேயே திரும்பிவிடுவான். அதனால் ஏற வேண்டும். மின்சாரம் வரவே வழியில்லாத கம்பத்தில் ஏற வேண்டும்.

ஐ.டி.ஐ. மைதானத்தில் ஐந்தாறு கம்பம் நடுங்கள். மேலே எந்த லைனும் போகாத, பக்கத்தில் எந்த லைனும் இல்லாத மூலையாகப் பாருங்கள். 8 மீட்டர் கம்பம் என்றால் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1.3 மீட்டர், மண்ணுக்குள் போக வேண்டும். அந்தக் குழியைப் பையன்களே தோண்டட்டும், கம்பம் சாயாமல் பிடிக்கும் ஸ்டே கம்பியை அவர்களே இழுத்துக் கட்டட்டும். இரண்டு கம்பம் மட்டும் குட்டையாக, தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் போகாமல் இருக்கட்டும், முதல் மாதம் அதில்தான். கழித்துக்கட்டிய க்ராஸ் ஆர்ம், பின் இன்சுலேட்டர், துண்டுக் கம்பி எல்லாம் கேட்டு, நிறுவனத்தின் பெயரில் மின்பகிர்மானக் கழகச் செயற்பொறியாளருக்கு எழுதிப் பாருங்கள். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும், அதில் இரண்டு கயிறு. ஒன்றைக் கழற்றும் முன் மற்றது மாட்டியிருக்க வேண்டும்.

ஏறுவதைவிட அதிக நேரம் நீங்கள் செலவிட வேண்டியது கீழே நடப்பதில். வகுப்பையே ஒரு செக்‌ஷன் ஆபீஸாக மாற்றுங்கள். ஒரு பையன் சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர், ஒருவன் லைன் இன்ஸ்பெக்டர், ஒரே லைனில் வேலை செய்யும் இரண்டு குழு. இரண்டு குழுவும் தனித்தனியாக எல்.சி. வாங்கட்டும். ஒரு குழு திருப்பிக் கொடுத்ததும் ஆபரேட்டர் லைனைப் போட்டுவிடுகிறானா என்று பாருங்கள். முதல் தடவை போட்டுவிடுவான். மறுபடி அவன் வாழ்நாளில் அந்தத் தவறைச் செய்ய மாட்டான்.

ஜெனரேட்டர் பாடத்துக்கும் ஒரு யோசனை சொல்கிறேன், என் அப்பா எங்கள் தோட்டத்தில் செய்து காட்டியது. கடைசிக் கம்பத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு 12 வோல்ட் பேட்டரியைச் சின்ன ஃபியூஸோடு இணைத்து வையுங்கள். வேலை நடக்கும் கம்பத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஓர் ஆட்டோ ஹாரன். பையன்கள் எல்.சி. வாங்கி, சோதித்து, ஏறி, வேலையில் மும்முரமாக இருக்கும்போது நீங்கள் அந்தப் பக்கம் சுவிட்சைப் போடுங்கள். கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் ஃபியூஸ் போய்விடும், ஹாரன் வாயைத் திறக்காது. மறந்திருந்தால் அது அவன் காதுக்குப் பக்கத்தில் அலறும். அந்த அலறலை எந்த மாணவனும் மறக்க மாட்டான்.

மயங்கித் தொங்குகிறவனைக் கீழே இறக்கும் பயிற்சியும் வேண்டும். மணல் நிரப்பிய சாக்கு ஆளைப் பெல்ட்டில் தொங்கவிட்டு, கடிகாரம் வைத்து இறக்கச் சொல்லுங்கள். இதயம் நின்றால் நான்கு நிமிடத்துக்கு மேல் மூளை தாங்காது. இறக்கியதும் மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். அன்றைக்கு உங்கள் பையன் தொங்கியபோது எத்தனை நிமிடத்தில் இறக்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு அந்த எண் தெரிந்திருக்கும்.

நிஜ லைனைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. மின்பகிர்மானக் கழகத்தின் எழுத்து அனுமதியோடு, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, தரையில் நின்று பார்க்கலாம். நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு நடத்தும் இரட்டைப் பயிற்சி முறை ஐ.டி.ஐ.களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. படிப்பு முடிந்து 18 ஆனவர்கள் தொழிற்பழகுநராகச் சேரலாம். தொழிற்பழகுநர் சட்டம், 1961இன் கீழ் பதிவான ஒப்பந்தம் இருந்தால் உதவித்தொகை உண்டு, பயிற்சியில் காயம் பட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியது பயிற்சி தரும் நிறுவனம். பதிவேட்டில் ஒரு வரி எழுதி கான்ட்ராக்டரிடம் அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் பையனுக்குக் கிடைக்காது.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தனியாக நின்றன. ஊரில் "கரண்டு படிச்ச பையன்" என்று பெயர் வாங்கியதும், காட்டோர நிலத்துக்காரர் யாராவது உங்கள் மாணவனிடம்தான் வந்து வேலிக்கு லைன் கொடுக்கச் சொல்வார். மறுப்பதற்கு அவனை இப்போதே தயார் செய்யுங்கள்.

வேலை போய்விடுமா?

போகலாம். தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறீர்கள். ஆசிரியர்கள் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 'தொழிலாளி' வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயிற்றுநரின் வேலை வேறு வகையானது என்று வாதாட இடம் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். பேசாமல் இருந்தாலும் நீங்கள் பத்திரம் இல்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு பையன் ஏறுகிறான். இந்த முறை ஏதாவது நடந்தால், அது ஆபத்து தெரிந்தும் நீங்கள் நடக்கவிட்ட விபத்தாகிவிடும்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. பையனை டாக்டரிடம் காட்டுங்கள். மாவட்டத்தில் குற்ற வழக்கு நடத்தும் ஒரு வக்கீலை நேரில் பார்த்து, உங்கள் நிலையைச் சொல்லி, முன்ஜாமீன் தேவைப்படுமா என்று கேளுங்கள். இது பயமுறுத்த அல்ல, தைரியமாக அடுத்த அடி வைக்கத்தான். அப்புறம் உங்கள் ஐ.டி.ஐ. முதல்வருக்கு ஒரு கடிதம். யாரையும் குற்றம் சொல்லாமல், "மின்பாதைப் பணிக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல எனக்கும் அவர்களுக்கும் சட்டப்படி அனுமதியில்லை. ஆகவே இனி அழைத்துச் செல்ல மாட்டேன். வளாகத்தில் மின் இணைப்பில்லாத பயிற்சிக் கம்பங்கள் அமைக்க அனுமதி கோருகிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் சனிக்கிழமை வேலை நிற்காவிட்டால் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும், மாவட்ட மின் ஆய்வாளருக்கும் எழுத வேண்டும். விபத்துத் தகவலை உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து எழுதி, அதோடு சேர்த்து அனுப்புங்கள்.

நிர்வாகி ஒரேயடியாகக் கெட்டவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை. பயந்துபோய் ஒரு பொய்யை ஆரம்பித்து, அதைக் காப்பாற்ற அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருப்பவராகத் தெரிகிறார். ஐந்து வருஷச் சிறை என்ற பிரிவையும், மைதானத்தில் ஆறு கம்பம் நட என்ன செலவாகும் என்ற கணக்கையும் ஒரே தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். சிலர் அதற்கு இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

பையனின் அப்பாவைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போங்கள், கான்ட்ராக்டர் ஆட்கள் யாரும் கூட வேண்டாம். அன்றைக்கு எர்த் போடாமல் ஏற்றியதை நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் வேறு யார் வாயிலாவது கேட்கும்படி விடாதீர்கள். ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.